மாத்திரை ஆறு மாதம், பழக்கம் ஆயுளுக்கு

அக்கரப்பத்தனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீ கொழும்புக்குத் திரும்பி, கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். முதல் இரண்டு மாத மருந்து முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, காற்சட்டை இறுக்கமாகிவிட்டது என்கிறாய். கேட்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில்தான் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். காசநோய்க்காரன் இருமிக்கொண்டு கிடக்கும்போது யாரும் சொல்லாமலே மருந்து குடிப்பான். சுகமாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றுகிற நாளிலிருந்துதான் கவனம் தேவை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை மருந்து என்று உனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். இருமலும் காய்ச்சலும் அதனால்தான் சீக்கிரம் நிற்கின்றன. ஆனால் மெதுவாகப் பெருகும் கிருமிகள் நுரையீரலுக்குள் பதுங்கிக் கிடக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் மிச்ச நான்கு மாதம். இடையில் விட்டால் அவை எழும்பிவிடும். அப்படி எழும்பும் கிருமி பழைய மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். பிறகு வைத்தியம் இன்னும் கடினமாகும், மருந்தின் தொல்லையும் கூடும். ஆகவே நல்ல பழக்கங்கள் என்று நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் முதல் பழக்கம், கிளினிக்கில் சொன்ன நேரத்தில், சொன்ன விதத்தில், ஒரு நாளும் விடாமல் மாத்திரையைப் போடுவது. காலையில் எழுந்து முகம் கழுவுவதோடு அதைச் சேர்த்துக்கொள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிட்டால் மறதி வராது.

மாத்திரைதான் முக்கியம் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்கவேண்டும், நல்ல காற்று வேண்டும், பாலும் முட்டையும் வேண்டும் என்பதுதான் உலகம் முழுவதும் நம்பிக்கை. ஏழைகளுக்கு அது எட்டுமா? சென்னை டொக்டர்மார் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் வைத்தியம். இன்னொரு பகுதியினருக்கு நெருக்கடியான குடியிருப்புகளில் இருக்கும் அவர்கள் சொந்த வீட்டிலேயே வைத்தியம். இரு பகுதியினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இடம் குறைவு. இருந்தும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்ததற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கிய காரணம். நீ சிறிய அறையில் இருப்பவன், கடையில் வேலை செய்பவன் என்பதால் உனக்கு முழுச் சுகம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அப்படியானால் சாப்பாடும் காற்றும் தூக்கமும் எதற்கு என்று கேட்பாய். மருந்து கிருமியைக் கொல்லும். கிருமி தின்றுபோட்ட உடம்பை மீண்டும் கட்டுவது சாப்பாடும் ஓய்வும்தான். நோய் திரும்பாமல் காப்பதிலும், கூட இருப்பவரைக் காப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் ஜார்கண்ட் மாநிலத்தில் அண்மையில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2023இல் வந்தது. காசநோயாளி இருக்கும் வீடுகளில் மற்றவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, விட்டமின் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நுரையீரல் காசநோய் வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்துக்குள் எடை கூடியவர்களுக்கு உயிராபத்தும் வெகுவாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் எடை பார்க்கும்போது எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள். எடை இறங்கினால் மறைக்காதே.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, கூட ஒரு சம்பல், மேலே இனிப்புத் தேத்தண்ணி என்று வயிற்றை நிரப்பிவிடுகிறோம். கோதுமை மா பசியை அடக்கும், ஆனால் உடம்பைக் கட்ட அது மட்டும் போதாது. அதன் விளைவு பிள்ளைகளிடம் தெரிகிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். நீ அப்படி வளர்ந்த பிள்ளைதான். இனி உன் தட்டில் தினமும் பருப்போ கடலையோ பயறோ ஒன்று இருக்கட்டும். ஒரு முட்டை, கொஞ்சம் நெத்தலி, ஏதாவது ஒரு கீரை சேர்த்துக்கொள். ஹோட்டல் ரோல்ஸுக்கும் கொத்துக்கும் கொடுக்கிற காசில் இவை வரும். ஒரு கை கச்சான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தால் பின்னேரப் பசி தீரும்.

நாம் கொழுந்து பறிக்கிற சனம், தேத்தண்ணியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி, சீனியைக் குறைத்துக் குடி. சாப்பாட்டில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். உன் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் இதை எழுது. மலையில் நாள் முழுக்க நின்று களைத்துப்போகிற நம் பெண்களில் பலருக்கு உண்மையில் இரத்தம் போதாமைதான்.

மீன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உன் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் மாத்திரை குடிக்கும் காலத்தில் பலயா, கெலவல்லா போன்ற சூரை மீன்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகமும் உடம்பும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு மார்பு நோய் நிபுணர் டொக்டர் சி. ஜி. உறகொட. 1980இல் இதுபற்றி அவர் எழுதினார். மருந்து முடியும்வரை அந்த மீன்களைத் தவிர்த்துவிடு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதே, அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாட்டை வயிறு தள்ளினால், வாந்தி நிற்காவிட்டால், கால் விரல்கள் மரத்துப்போனால் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதே. அன்றே போய்ச் சொல்.

இனிக் காற்று. காசநோய் தட்டிலும் கோப்பையிலும் ஒட்டிக்கொண்டு வருவது இல்லை. காற்றில்தான் வருகிறது. நம் லயத்து வரிசை வீடுகளில் நோயாளிக்குத் தட்டை ஒதுக்கி வைப்பார்கள், குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். செய்யவேண்டியதற்கு நேர்மாறு அது. ஜன்னலைத் திறக்கவேண்டும், தட்டைச் சேர்த்துக் கழுவலாம். கடைக்கு மேலே நீங்கள் ஐந்தாறு பேர் படுக்கும் அறையில் ஜன்னலுக்கு முன்னால் பெட்டி அடுக்கியிருப்பதாகச் சொன்னாய். அந்தப் பெட்டிகளை நகர்த்து. முடியாவிட்டால் முதலாளியிடம் மரியாதையாகக் கேள். கூடப் படுக்கும் பையன்களையும் மார்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிடு. பரிசோதனையும் மருந்தும் இந்த நாட்டில் இலவசம். இரவில் போனைத் தள்ளி வைத்து, ஏழெட்டு மணித்தியாலம் தூங்கு.

புகையையும் குடியையும் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சிகரெட் குடிப்பவனுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, வந்து போனபின் திரும்பும் வாய்ப்பும் அதிகம். நீ விட்டுவிட்டேன் என்றாய். கூட்டாளிகள் நீட்டும்போதும் விட்டவனாகவே இரு. சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஈரல் கெடும். வெற்றிலை போடுவதை நம் ஆட்கள் குற்றமாகவே நினைப்பதில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். உன் அம்மாவின் அடுப்புப் புகையும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. முதல் சம்பளத்தில் வீட்டுக்குப் பெரிய டீவி வாங்கப்போவதாகச் சொன்னாயாம். அதற்கு முன்னால் அடுப்புக்கு மேலே ஒரு நல்ல புகைக்கூடு வைத்துக்கொடு மகனே.

வேலை விஷயத்தில் அவசரப்படாதே. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே யாரும் கொழுந்துக்குப் பேர் போடுவதில்லை. தளிர்த்து வரும்வரை செடியை விடுகிறோம். உன் உடம்புக்கும் அந்தத் தவணையைக் கொடு. மூட்டை தூக்கும் வேலையை இப்போதைக்கு மற்றவரிடம் கேட்டு மாற்றிக்கொள். சும்மா படுத்துக் கிடக்கவும் வேண்டாம். பின்னேரம் அரை மணித்தியாலம் நட. மூச்சு வாங்கினால் நின்று, மறுபடி நட. இந்த நடையை மருந்து முடிந்தபிறகும் விடாதே. சீனி வருத்தமும் பிரஷரும் இப்போது லயங்களுக்குள்ளும் வந்துவிட்டன. சீனி உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். உனக்கு இரத்தத்தில் சீனி பார்த்தார்களா என்று கேட்டு எழுது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நியாயம் இல்லாதவனாவேன். பழக்கம், பழக்கம் என்று ஏழையிடம் மட்டும் பேசுவது சுலபம். 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் இருந்துகொண்டு இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. நம் மூத்த தலைமுறை அதனால் சோகை பிடித்து ஓய்ந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் லயங்களில் கக்கூஸ் இல்லை. அதற்குச் செலவழிக்கத் தோட்ட முதலாளிமார் தயங்கினார்கள். அதே மண்ணில் அதே கால்கள் நடந்தன, புழு திரும்பி வந்தது. பழி மட்டும் கூலிக்காரனின் அழுக்குப் பழக்கத்தின் மேல் விழுந்தது. நல்ல பழக்கத்துக்கு இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும். நூறு வருடம் கழிந்தும் நம் ஆட்களில் பலர் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறார்கள். ஆகவே உன் கையில் இருப்பதை நீ ஒழுங்காகச் செய். உன் கையில் இல்லாததைக் கூச்சப்படாமல் கேள். காற்றோட்டமுள்ள அறையும், கிளினிக் நாளில் அரை நாள் லீவும் கேட்பது பிச்சை அல்ல.

உனக்கு நோய் வந்ததை எண்ணி வெட்கப்படாதே. ஊரில் யாராவது விசாரித்தால் காசநோய் என்று பேரைச் சொல்லியே பதில் சொல். நீ சொன்னால்தான் பக்கத்து லயத்தில் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். உன் அம்மாவையும் தங்கச்சியையும் பரிசோதனைக்கு நான் கூட்டிப்போகிறேன், அந்தக் கவலையை விடு.

மிச்சமிருக்கிற நான்கு மாதமும் ஒரு நாள் மாத்திரையைக்கூட விடாதே. கடைசி மாதச் சளிப் பரிசோதனையைச் செய்து, சுகமாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகே மருந்தை நிறுத்து. அதன்பிறகும் ஜன்னலைத் திறந்து வை, நன்றாகச் சாப்பிடு, நட, புகையைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் மாமா.