அலைவரி மேப்பிள் பேஸ் கிதாருக்கு மறுபூச்சு

பழைய பேஸ் கிதாரின் மூலப் பூச்சை அகற்றினால் அதன் மதிப்பு குறையும். பூச்சு உரிந்து பாழான கருவிக்கே மறுபூச்சு தகும். பூச்சின் வகையை அறிய, மறைவான இடத்தில் ஒரு துளி அசிட்டோன் வைத்துப் பார்க்கலாம்: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இளகும், பாலியெஸ்டர் அசையாது. தந்தி, பிக்கப், பிரிட்ஜ் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு இழைப்போக்கிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேல்பலகை மெல்லிய வெனீர் என்றால் மிகுந்த நிதானம் தேவை. தேய்ந்துபோன வெனீர் மீளாது.

மேப்பிள் மரத்தின் அலைவரிகளை எடுத்துக்காட்டுவது சாயம்தான். நீரில் கரைத்த அடர்பழுப்புச் சாயத்தைப் பூசி, காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் தேய்த்தால், சுருண்ட இழைகளில் மட்டும் நிறம் தங்கும். அதன்மேல் இளமஞ்சள் ஏற்றினால் வரிகள் வெளிச்சத்தில் அசைவதாகவே தோன்றும். பிறகு லாக்கரை மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்கலாம். நல்ல காற்றோட்டமும் ஆவியைத் தடுக்கும் சுவாசக் கவசமும் கட்டாயம். நைட்ரோ பூச்சு இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் மெருகேற்றக் கூடாது.