ரோபோ அறுவைக்குப் பிறகு: குடல் புற்றுநோயிலிருந்து மீளும் பெரியவர்களை வீட்டில் கவனிப்பது எப்படி?

வயிற்றில் நாலைந்து சின்னத் தழும்புகள்தான் இருக்கும். அதைப் பார்த்து, "அடுத்த வாரமே எழுந்து நடமாடிவிடுவார்" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ரோபோ கைகள் நுழைந்த துளைகள்தான் சிறியவை. உள்ளே குடலின் ஒரு பகுதியை நிணநீர் முடிச்சுகளோடு எடுத்துவிட்டு, மிச்சத்தை இணைத்திருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவருக்கு அது பெரிய அறுவைதான்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரிடம் கேளுங்கள்: "மறுபடி எதைச் செய்ய முடிந்தால் உங்களுக்கு நிம்மதி?" டீக்கடை வரை நடப்பதா, பேத்தி கல்யாணத்தில் தாலி கட்டும்வரை உட்கார்ந்திருப்பதா? பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் தேறுவதை அளக்க அதுதான் சரியான அளவுகோல்.

முதல் சில வாரங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக்கொடுத்திருந்தால், சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தி, கால் வீக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர்களுக்குக் குடல் இணைப்பு கசிந்தாலும் சில சமயம் காய்ச்சலே வராது. திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவதும் ஓர் அறிகுறியாக இருக்கலாம், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

வெறும் கஞ்சியில் தசை தேறாது. இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதத்தோடு முட்டை, மீன், பனீர், தயிர் என்று புரதம் சேருங்கள். வாழைத்தண்டு, கீரைத்தண்டு, விதையுள்ள கொய்யா சில வாரம் பொறுக்கட்டும்.

மலக்குடலில் அறுவை என்றால் தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை மாட்டியிருக்கலாம். பையைக் காலையில் சாப்பிடுவதற்கு முன் மாற்றுங்கள், அப்போது கழிவு குறைவாக வரும். சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றுங்கள். எண்ணெய், பவுடர் எதையும் நீங்களாகப் போடாதீர்கள், பை ஒட்டாது. திறப்பை அளந்து, அதைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகப் பையின் ஒட்டுத்தகட்டில் துளை வெட்டுங்கள். ஒட்டியபின் உள்ளங்கையை மேலே வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் உடல் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். கழிவு நாளுக்கு 1.5 லிட்டரைத் தாண்டினால் வெறும் தண்ணீர் குடித்துச் சமாளிக்க முடியாது. டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓஆர்எஸ் எவ்வளவு கொடுக்கலாம், பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திறப்பை மூடிப் பையை எடுத்தபின்தான் பலருக்கு உண்மையான சோதனை. மலத்தைச் சேர்த்துவைக்கும் இடம் குறைந்துவிட்டதால் அடிக்கடி போகவேண்டியிருக்கும், அவசரமாக வரும், போய்வந்த சற்று நேரத்தில் மறுபடி வரும், காற்றை அடக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்திருந்தால் தொல்லை கூடலாம். டாக்டர்கள் இதை லார்ஸ் என்பார்கள். இதை அளக்க 2012-ல் டென்மார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஐந்து கேள்விகள் உள்ளன. அவற்றை அவரிடம் கேட்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட நேரம், போன நேரம் இரண்டையும் இரண்டு வாரம் நோட்டில் குறித்தால் எந்தச் சாப்பாடு ஆகவில்லை என்று தெரிந்துவிடும். இசப்கோல், லோபராமைடு, ஆசனவாய்த் தசைப் பயிற்சி மூன்றும் உதவக்கூடியவை. ஆனால் அளவையும் முறையையும் டாக்டர்தான் சொல்லவேண்டும். வெளியே போகும்போது மாற்றுத்துணியும் பேடும் கைப்பையில் இருந்தால் அவருக்குத் தைரியம் வரும். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தொல்லை குறையும். இதை அவரிடமும் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டே கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ரோபோ என்பதால் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று இருந்துவிட வேண்டாம். 471 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளியான ரோலார் ஆய்வில், சிறுநீர், தாம்பத்தியச் சிக்கல்களில் ரோபோவுக்கும், ரோபோ இல்லாத துளைவழி அறுவையான லேப்ராஸ்கோப்பிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகள் எதிரில் பெரியவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அதனால் புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனைக்கும், ஓராண்டு வாக்கில் கொலோனோஸ்கோப்பிக்கும் போகும்போது நோட்டை அவர் கையில் கொடுத்து, டாக்டரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.