எஸ்.என். 109 – ஒரு சிக்னல் சொல்லும் பாடம்!



ஏதாவது ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் மோதிவிட்டது என்று பேப்பரில் செய்தி வந்தால், கூடவே இன்னொரு வரியும் வரும்: "டிரைவரின் கவனக்குறைவே காரணம் என்று தெரிகிறது." டீக்கடை பெஞ்சில் அதோடு கேஸ் முடிந்துவிடும். "தூங்கியிருப்பான்பா!" என்று ஒருத்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார்.

கொஞ்சம் பொறுங்கள். சிக்னல் சிவப்பாக எரிந்ததா என்பது ஒரு கேள்வி. அது டிரைவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நம்ம லேபில் இருக்கும் மல்டிமீட்டரே பதில் சொல்லிவிடும். இரண்டாவதுக்கு மீட்டர் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான், செமினாருக்காக ஒரு ரயில் விபத்தைப் பற்றிப் படித்தபோது என்னை உலுக்கியது இந்த இரண்டாவது கேள்விதான். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

என்ன நடந்தது?

1999 அக்டோபர் 5, செவ்வாய்க்கிழமை. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து காலை 8.06-க்கு பெட்வின் என்ற ஊருக்கு மூன்று பெட்டி டீசல் ரயில் ஒன்று கிளம்பியது. ஓட்டியவருக்கு வயது 31. டிரைவராகத் தேர்ச்சி பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வழியில் முதல் சிக்னல் பச்சை, அடுத்தது இரட்டை மஞ்சள், அதற்கடுத்தது ஒற்றை மஞ்சள். நான்காவதுதான் எஸ்.என். 109. அது சிவப்பு.

ரயில் நிற்கவில்லை. சிவப்பைத் தாண்டியது. அந்தப் பக்கம் பாயின்ட்டுகள் இருந்த நிலையில், ரயில் நேராக எதிர் ரயில் வருகிற லைனுக்குப் போய்விட்டது. செல்ட்டனமிலிருந்து பாடிங்டன் நோக்கி வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் மீது லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் மோதியது. இரண்டு ரயில்களின் வேகத்தையும் கூட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். டீசல் டேங்க் உடைந்து தீப்பிடித்தது. 31 பேர் இறந்தார்கள். இரண்டு டிரைவர்களும் அதில் அடக்கம். காயம்பட்டவர்கள் 400 பேருக்கு மேல்.

ரயிலின் பதிவுக் கருவியில் ஒரு விஷயம் கிடைத்தது. மஞ்சளைத் தாண்டியதும் பவரைக் குறைத்து ஓட்டிய டிரைவர், எஸ்.என். 109-ஐ நெருங்கும்போது மறுபடி பவர் கொடுத்திருக்கிறார். எதிரே சிவப்பு என்று தெரிந்த மனிதன் பவர் கொடுப்பானா? அவர் "போகலாம்" என்றுதான் நினைத்திருக்கிறார். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபுவும் 2001-ல் வெளியான அறிக்கையில் இந்த முடிவுக்கே வந்தார்.

அந்த சிக்னலில் என்ன கோளாறு?

கோளாறே இல்லை! பல்பு எரிந்தது, சர்க்யூட் சரி, இன்டர்லாக்கிங் சரி. குறையெல்லாம் அதை வைத்த இடத்திலும் வைத்த விதத்திலும்தான்.

1. பாடிங்டன் வாசலில் பல லைன்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் ரயில் போகும். எல்லா லைனுக்கும் உரிய சிக்னல்களைக் குறுக்கே ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எது தன்னுடையது என்று டிரைவர் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

2. சிக்னலுக்கு முன்னால் ரோட்டுப் பாலம். அது போதாதென்று ஹீத்ரோ விமான நிலைய ரயிலுக்காக 1990-களில் மின்கம்பிகள் வந்தன. கம்பியும் அதைத் தாங்கும் சட்டங்களும் இன்சுலேட்டர்களும் டிரைவர் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் நின்றன. மற்ற சிக்னல்களைவிட 109-ன் சிவப்பு விளக்குதான் அதிகம் மறைந்தது.

3. அங்கே நான்கு விளக்கு சிக்னல் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும், சிவப்பு அடியில் இருக்கும். டிரைவர் கண் அந்த இடத்தில்தான் சிவப்பைத் தேடப் பழகியிருக்கும். 109-ல் மூன்று விளக்குகள் மேலிருந்து கீழாக, சிவப்பு மட்டும் அடியில் இடது பக்கம் தள்ளி. கண்ணாடியில் பார்த்த 'எல்' எழுத்து மாதிரி.

4. ரயில் போவது மேற்கே. காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக. வெயில் நேராக சிக்னல் கண்ணாடியில் அடிக்கும். எரியாத மஞ்சள்கூட எரிவது போலத் தெரிய வாய்ப்பு உண்டு.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். நாலும் ஒரே இடத்தில், ஒரே காலையில் சேர்ந்துகொண்டன.

எச்சரிக்கைக் கருவி இருந்ததே?

இருந்தது. ஏ.டபிள்யூ.எஸ். என்று பெயர். தண்டவாளத்தின் நடுவில் காந்தம். சிக்னல் பச்சை என்றால் கேபினில் மணி அடிக்கும். இல்லாவிட்டால் ஹாரன். ஹாரன் அடித்ததும் டிரைவர் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானாகவே விழும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் இரட்டை மஞ்சளுக்கும் அதே ஹாரன், ஒற்றை மஞ்சளுக்கும் அதே ஹாரன், சிவப்புக்கும் அதே ஹாரன்! சிக்னல் நெருக்கமாக இருக்கிற நகரத்தில் நாள் முழுக்க ஹாரன், பட்டன், ஹாரன், பட்டன். கை பழகிவிடும். பட்டனை அழுத்திவிட்டால் அந்தக் கருவி அதற்குமேல் ரயிலைத் தடுக்காது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது பிடிக்கும். ஒரு ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 20 மீட்டர். பாலமும் கம்பியும் தாண்டி சிக்னல் 200 மீட்டர் தூரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால் டிரைவர் கையில் இருப்பது 10 விநாடி. அதற்குள் தன் சிக்னலைத் தேடி, நிறத்தைப் பார்த்து, முடிவு செய்ய வேண்டும்.

பிரேக் போட்டால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைகிறது என்று எடுத்துக்கொள்வோம். நிற்கும் தூரம் = 20 × 20 ÷ (2 × 0.8) = 250 மீட்டர். பார்த்த நொடியே பிரேக் போட்டாலும் 50 மீட்டர் தாண்டித்தான் நிற்கும். அதனால்தான் முன்னாலேயே மஞ்சள் வைக்கிறார்கள். "அடுத்தது சிவப்பாக இருக்கலாம், நிற்கத் தயாராக இரு" என்று அர்த்தம். அந்த மஞ்சளை டிரைவர் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அவர் பக்கம் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் "போகலாம்" என்று தோன்றும்படி ஒரு காட்சியை எதிரே காட்டிவிட்டு, பழி முழுவதையும் அவர் தலையிலேயே போடலாமா?

எட்டு தடவை!

இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 1993 ஆகஸ்டிலிருந்து இந்த விபத்துக்கு முன்புவரை, அதே எஸ்.என். 109 சிவப்பாக இருக்கும்போது 8 முறை ரயில்கள் தாண்டிப் போயிருக்கின்றன. எட்டு தடவையும் அதே இடத்தில்தானா டிரைவர்களுக்குக் கண் மங்கும்? ஆபத்தான சிக்னல் என்று 1998-லேயே ஒரு ரயில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி தண்டவாள நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சிக்னல் டிரைவருக்குத் தெரிகிறதா என்று ஸ்பாட்டுக்குப் போய்ப் பார்க்கக் குழு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் குழுவைக் கூட்டவே இல்லை என்று கல்லன் அறிக்கை கண்டித்தது. புதிய டிரைவருக்குக் கொடுத்த பயிற்சியிலும் "109-ல் ஜாக்கிரதை" என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நடந்தவை? சிவப்பைத் தாண்டினால் பட்டனை நம்பாமல் தானே பிரேக் போடும் டி.பி.டபிள்யூ.எஸ். கருவி 2003 முடிவுக்குள் பிரிட்டன் முழுக்க வந்தது. ரயில் கம்பெனிக்கு 2004-ல் 20 லட்சம் பவுண்டும், தண்டவாள நிர்வாகத்துக்கு 2007-ல் 40 லட்சம் பவுண்டும் அபராதம். 109-ஐ மாற்றியமைத்து 2006-ல்தான் மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்கு ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ ஃபேக்டரியிலோ ஜூனியர் இன்ஜினீயராக, டெக்னீஷியனாகப் போகப்போகிறோம். "பரிசோதித்தேன், சரியாக உள்ளது" என்று கையெழுத்துப் போடப்போவது நாம்தான். அதனால்:

• டிராயிங்கில் சரியாக இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்துகிறவர் உட்காரும் இடத்தில் நாமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் பார்க்கிற நேரத்தில், அவர் வருகிற வேகத்தில்.

• புதிதாக ஒன்றை மாட்டும்போது, அது பழைய எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பி கட்டியவர் வேலை சுத்தம், சிக்னல் வைத்தவர் வேலையும் சுத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

• ஒரே தப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால், ஆளை மாற்றுவதற்கு முன் இடத்தைச் சோதியுங்கள்.

• மெஷின் ஓட்டுகிறவர் "சார், இது சரியாத் தெரியல" என்று சொன்னால், "ஒழுங்காப் பாருய்யா" என்று பதில் சொல்லாதீர்கள். ஸ்பாட்டுக்குப் போங்கள்.

சிக்னல் என்பது எரிவதற்காக இல்லை, தெரிவதற்காக. தெரியாத சிக்னலை நட்டுவிட்டு டிரைவரைக் குறை சொல்வது, எழுத்தே தெரியாதபடி கேள்வித்தாள் அச்சடித்துவிட்டு "ஏன் பதில் எழுதவில்லை?" என்று நம்மைக் கேட்பது மாதிரி. நமக்கு அரியர்தான் விழும். அங்கே 31 உயிர் போனது.

– மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு