தீவுகளில் நாட்டு வைத்தியமும் நவீன மருத்துவமும்

வங்காள விரிகுடாவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான்–நிக்கோபார் கூட்டத்தில் தீவுகள், திட்டுகள், பாறைகள் யாவும் சேர்ந்து 836 உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை சுமார் 30 மட்டுமே. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 3,80,000; அவருள் சுமார் 28,500 பேர் பழங்குடியினர். பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில் அமைந்துள்ளது. இந்நகருக்கு 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபாரிலிருந்து அங்கு சேர 500 கிலோமீட்டர் அளவுக்குக் கடலைக் கடத்தல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கப்பல் தாமதிக்கும். ஹெலிகாப்டர் புறப்படுவதற்கும் வானிலை இடங்கொடுத்தாக வேண்டும். இத்தகைய இடத்தில் நோயுற்றவர் முதலில் நாடுவது வீட்டிலுள்ள மூதாட்டியை அல்லது ஊர் வைத்தியரையே என்பதில் வியப்பில்லை.

ஆகவே, நாட்டு வைத்தியத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைப்பது எவ்வாறு என்னும் வினா, இத்தீவுகளில் ஏட்டளவில் நிற்பதன்று. எந்த நோயை ஊர் வைத்தியர் தம் பொறுப்பில் வைத்துக் கொள்ளலாம், எந்த நோயை எத்தனை மணி நேரத்திற்குள் மருத்துவ நிலையத்திற்கு அனுப்பவேண்டும் என்பதே அதன் சாரம். இவ்வெல்லையை முன்கூட்டியே வகுத்துக் கொண்டால் உயிர்கள் காக்கப்படும். வகுக்கத் தவறினால் இரு முறைகளும் ஒன்றையொன்று பழிக்க, இடையில் நோயாளி நலிவார்.

இணைப்பு முயற்சியின் வரலாறு

இம்முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னை மாகாண அரசு சுதேச வைத்திய முறைகளை ஆராய 1921 இல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. பின்னர் இந்திய அரசு நியமித்த சோப்ரா குழு, 1948 இல் அளித்த அறிக்கையில் இந்திய வைத்தியத்தையும் மேனாட்டு வைத்தியத்தையும் ஒன்றிணைக்கப் பரிந்துரைத்தது. உலக அளவில், 1978 இல் வெளியான அல்மா ஆட்டா பிரகடனம், தேவைக்கேற்ப மரபு வைத்தியர்களும் தகுந்த பயிற்சி பெற்று ஆரம்ப சுகாதாரப் பணியில் பங்கு கொள்ளலாம் என்று கூறிற்று. 2005 இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே கூரையின் கீழ் ஆயுர்வேத, சித்த மருத்துவர்களையும் அமர்த்த வழி செய்தது. எனினும் இவ்வேற்பாடுகள் பெரும்பாலும் நூல்வழி வந்த முறைகளையே கருதியவை. தீவுகளின் பழங்குடி வைத்தியமோ வாய்மொழியாக வருவது.

மூவகை மக்கள், மூவகைக் கடமை

தீவுகளின் மக்கள் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் ஆகாது. பணியாளர் மூன்று பிரிவுகளை வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

முதலாவது, பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென் ஆகிய சிறு தொகைப் பழங்குடியினர். பெரிய அந்தமானியரின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. 1858 இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபோது சில ஆயிரவராக இருந்த அம்மக்கள், வெளியார் கொணர்ந்த நோய்களால் அழிந்தனர். 1877 இல் பரவிய தட்டம்மை அவர்களுள் பலரைப் பலிகொண்டது. 1901 இல் 625 ஆகக் குறைந்த அவர்கள் தொகை 1961 இல் 19 ஆயிற்று. பின்னர் 1999 இலும் 2006 இலும் ஜாரவா மக்களிடையே தட்டம்மை தோன்றியபோது, நவீன சிகிச்சையே துணை நின்றது. மரபறிவு எத்துணை வளமுடையதாயினும், முன்பின் அறியாத நோய்க்கு அதில் மருந்து இராது. 1956 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. இங்கு நமது கடமை நோயைக் கொண்டு செல்லாதிருத்தல். நியமிக்கப்பட்ட மருத்துவக் குழு தவிர மற்றையோர் விலகி நிற்றல். மூலிகை விசாரிக்கச் செல்வதும் இவ்விலக்கினுள் அடங்கும்.

இரண்டாவது, நிக்கோபாரி மக்கள். கிராமத் தலைவர்களும் பழங்குடி மன்றமும் கொண்ட இச்சமூகத்தில் வைத்தியர்கள் மதிப்புடன் விளங்குகின்றனர். மத்திய நிக்கோபாரில் மென்லுவானா என்று அழைக்கப்பட்டவர் மூலிகையும் மந்திரமும் ஒருங்கே கையாண்டவர். எண்ணெய் தடவி உடம்பு பிடித்துவிடுதலும், இலை தழைகளை அரைத்துக் கட்டுதலும் இன்றும் வழக்கிலுள்ளன. இணைப்புப் பணிக்கு உண்மையான இடம் இங்கேதான்.

மூன்றாவது, குடியேறியோர். சோட்டா நாகபுரித் தொழிலாளர், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், கிழக்கு வங்காள அகதிகள், தமிழர் எனப் பலரும் தத்தம் கைவைத்தியத்துடன் வந்தனர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். இவர்களுக்குப் பழகிய சில மூலிகைகள் தீவு மண்ணில் கிட்டாதபோது, உருவில் ஒத்த வேறு செடியைப் பறித்துப் பயன்படுத்தும் அபாயம் உண்டு.

காய்ச்சல் கற்பிக்கும் பாடம்

1980களின் இறுதியில் வட அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில் ஒரு கொடிய காய்ச்சல் தோன்றியது. நோயாளிகள் இருமலுடன் இரத்தம் கக்கினர். மூச்சுத் திணறிச் சிலர் இறந்தனர். காரணம் விளங்காமையால் அது அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல் என்றே வழங்கப்பட்டது. 1983 இல் போர்ட் பிளேரில் நிறுவப்பெற்ற வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம், அது லெப்டோஸ்பைரா நுண்ணுயிரால் விளைவது என 1990களில் தெளிவுபடுத்தியது. நம் மக்கள் எலிக்காய்ச்சல் என்று கூறும் நோயே அது. எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் கலந்த வயல்நீரும் சேறும், காலிலுள்ள கீறல் வழியே நோயை உடலுள் செலுத்துகின்றன. தொடக்கத்திலேயே பெனிசிலின் அல்லது டாக்சிசைக்ளின் கொடுத்தால் நோய் பெரும்பாலும் கட்டுப்படும். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய பின்னர் பிழைப்பது அரிது.

மலேரியாவையும் இத்துடன் நோக்குக. நிக்கோபாரில் அதனைப் பரப்பும் அனாபிலிஸ் சுந்தைக்கஸ் என்னும் கொசு உவர்நீரில் முட்டையிடுவது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தாழ்ந்த நிலங்களில் கடல்நீர் தேங்கியதால் அக்கொசுவிற்குப் புதிய இடங்கள் கிடைத்தன. டெங்கு, உண்ணிக் காய்ச்சல் ஆகியனவும் தீவுகளில் உண்டு. முதல் இரு நாள்களில் இந்நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தோ நாடி பிடித்தோ இவற்றைப் பிரித்தறிதல் மிகத் தேர்ந்த மருத்துவர்க்கும் இயலாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

ஊர் வைத்தியரிடம் உங்கள் கஷாயம் பயனற்றது என்று பணியாளர் கூறினால், அவர் அடுத்த நோயாளியை மறைத்துவிடுவார். கஷாயம் கொடுங்கள், ஆனால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள் என்று கூறினால் வைத்தியரின் மதிப்பும் குறைவதில்லை, நோயாளியின் நேரமும் வீணாவதில்லை.

மூலிகையிலிருந்து மருந்து

மூலிகையை நவீன மருத்துவம் புறக்கணிக்கிறது என்பதும் உண்மையன்று. இன்று ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு நாம் கொடுக்கும் கூட்டு மருந்திலுள்ள ஆர்ட்டெமிசினின், சீனாவில் காய்ச்சலுக்கு வழங்கிய ஒரு செடியிலிருந்து 1972 இல் பிரித்தெடுக்கப்பட்டது. பழஞ்சீன நூலொன்று அச்செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியக் கூறியிருந்ததைக் கண்ட தூ யூயூ அம்மையார், குறைந்த வெப்பத்தில் சாரம் இறக்கி வெற்றி கண்டார். 2015 இல் நோபல் பரிசும் பெற்றார். நம் நாட்டுச் சர்ப்பகந்தியும் இவ்வாறே. அதன் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949 இல் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் விளக்கிய பின்னர் உலகம் அதனை ஏற்றது.

ஆயினும் எல்லா மூலிகையும் இத்தேர்வில் வெல்வதில்லை. நிக்கோபாரி மக்களிடையே பி வகைக் கல்லீரல் அழற்சி மிகுந்துள்ளதை வட்டார ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. மஞ்சட்காமாலைக்குத் தமிழ்நாட்டில் கீழாநெல்லி கொடுப்பது மரபு. சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988 இல் வெளியாகி, கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரிடம் அந்நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது என அறிவித்தபோது உலகமே வியந்தது. ஆனால் பிற இடங்களில் செய்த ஆய்வுகள் அதே பயனைக் காட்டவில்லை. எனவே இன்றும் இந்நோய்க்கு உறுதியான காப்பு, குழந்தை பிறந்தவுடன் போடப்படும் தடுப்பூசியே.

இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்னும் எண்ணமும் தவறு. ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயும் விளைவிப்பது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கு இத்தகைய மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தது 1993 இல் வெளியாயிற்று.

அறிவு யாருடையது?

மூலிகை அறிவைக் குறித்துக் கொள்வோர், அது ஒரு சமூகத்தின் உடைமை என்பதை மறத்தலாகாது. அகத்தியர் மலையில் 1987 இல் சென்ற ஆய்வுக் குழுவிற்குக் காணி மக்கள் களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, 1995 இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காட்டு உரிமைத் தொகைக்கும் உரிமம் அளித்தது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, 1997 இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளை பதிவாயிற்று. இது உலகம் போற்றிய முன்மாதிரி. எனினும் காணி மக்கள் அனைவரையும் முதலிலேயே கலந்து கொள்ளவில்லை என்ற குறையும் எழுந்தது. தீவுகளில் அக்குறை நேராதிருக்க வேண்டும். 2002 ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பன்மைச் சட்டம் பயனைப் பங்கிடும் கடமையை விதிக்கிறது.

களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டியவை

1. பணி தொடங்குமுன் கிராமத் தலைவரையும் வைத்தியரையும் நேரில் கண்டு, அவர்தம் மொழியிலேயே நோக்கத்தைக் கூறி இசைவு பெறுக. இசைவு கிடையாதெனில் குறிப்பெடுத்தல் வேண்டா.

2. காய்ச்சல் கண்ட நாளிலேயே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்க. கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு, மஞ்சள் நிறம், சிறுநீர் குறைதல், இருமலில் இரத்தம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே அனுப்புக.

3. பாம்புக்கடி, வலிப்பு, நினைவிழப்பு, பேற்றுக்காலக் குருதிப்போக்கு, குழந்தையின் நீரிழப்பு ஆகியவை ஊரில் தங்கவேண்டியவை அல்ல. படகு, கப்பல் நேரங்களை வைத்தியரும் அறிந்திருக்குமாறு செய்க.

4. தோலைக் கீறிச் சிகிச்சை செய்யும் வழக்கமிருப்பின், ஒருவருக்குப் பயன்படுத்திய அலகை மற்றொருவருக்குப் பயன்படுத்தலாகாது என்பதை விளக்குக. கல்லீரல் அழற்சி இவ்வழியே பரவும்.

5. நோயாளி உண்ட மூலிகையைச் சீட்டில் குறித்து அனுப்புக. அதனைக் கூறியதற்காக நோயாளியைக் கடிந்து கொள்ளற்க. கடிந்தால் அடுத்தவர் மறைப்பார்.

6. உள்ளூர்ப் பெயரை மட்டும் நம்பற்க. இசைவுடன் பெற்ற மாதிரியை, 1972 முதல் போர்ட் பிளேரில் இயங்கும் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் வட்டார மையத்தில் காட்டித் தாவரவியற் பெயரை உறுதி செய்க.

7. உடம்பு பிடித்தல், பத்திய உணவு, ஆறுதல் மொழி ஆகிய தீங்கற்ற வழக்கங்களுக்கு மருத்துவ நிலையத்திலும் இடங்கொடுக்க. உற்றார் சூழ இருக்கும் நோயாளி பாதியில் ஓடிப்போவதில்லை.

2010 இல் பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றான போ மொழியை அறிந்த கடைசிப் பெண்மணி மறைந்தார். அம்மொழியில் செடிகளுக்கு இருந்த பெயர்களை இனிச் சொல்லித் தருவோர் இல்லை. காய்ச்சலில் ஒருவர் இறப்பதைத் தடுப்பது போன்றே, இவ்வறிவு இறவாமல் காப்பதும் நம் பணியினுள் அடங்கும். ஒன்றற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் வினவுதற்கு

1. மலேரியாவும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் ஒத்திருப்பதால் நேரும் இடர் யாது?

2. கீழாநெல்லி பற்றிய 1988 ஆம் ஆண்டு ஆய்வை ஏன் பிற இடங்களிலும் செய்து பார்த்தனர்?

3. ஜாரவா மக்களிடமும் நிக்கோபாரி மக்களிடமும் சுகாதாரப் பணியாளரின் கடமை எவ்வாறு வேறுபடுகிறது?

4. உங்கள் வீட்டில் வழங்கும் கைவைத்தியம் ஒன்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. எந்நிலையில் அதனை நிறுத்தி மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதையும் அவர்களுடன் கலந்து குறிப்பிடுக.