பள்ளிக் கேமராவுக்கு எந்த ஜூம் லென்ஸ்?

ஆண்டு விழா முடிந்த மறுநாள் மெமரி கார்டைக் கணினியில் செருகிப் பார்க்கிறோம். கரகம் ஆடிய ஆறாம் வகுப்பு மாணவியை எடுத்த படங்கள் பத்து. பத்திலும் கைகள் கலங்கியிருக்கின்றன. வகுப்பறைப் படத்தில் ஓரத்தில் அமர்ந்த இரண்டு பிள்ளைகளைக் காணோம். ஓட்டப் பந்தயப் படத்தில் முதலில் வந்தவர் யார் என்றே தெரியாத அளவுக்கு உருவங்கள் சிறியவை. உடனே, "கேமராவோடு வந்த லென்ஸ் சரியில்லை, நல்ல லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும்" என்று முடிவு செய்கிறோம்.

அந்த முடிவுக்குமுன் சற்று நிற்போம். முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பாகத் தந்த கேமராவாகவோ, ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கியதாகவோ இருக்கலாம். புதிய லென்ஸுக்கான பணமும் அப்படித்தான் திரள வேண்டும். மேலே சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. முதல் குறை வெளிச்சம் பற்றியது, இரண்டாவது பார்வைக் கோணம் பற்றியது, மூன்றாவது தொலைவு பற்றியது. மூன்றையும் ஒருசேரத் தீர்க்கும் விலை குறைந்த ஜூம் லென்ஸ் இல்லை. நமக்கு அடிக்கடி ஏற்படும் குறை எது என்று கண்டறிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். அதைக் கண்டறியும் வேலையை மாணவர்களிடமே கொடுத்தால், பத்தாம் வகுப்பு ஒளியியலும் வடிவொத்த முக்கோணங்களும் செய்முறையாகிவிடும்.

முதலில் நம் படங்களைக் கேட்போம்

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் சில விவரங்களைச் சேர்த்தே பதிகிறது. கணினியில் படக் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதில் 'டீடெயில்ஸ்' பகுதியைத் திறந்தால் குவியத் தொலைவு, எஃப் எண், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகிய நான்கும் தெரியும். வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் இவை நீங்கியிருக்கும். ஆகவே மெமரி கார்டில் உள்ள மூலப் படங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து, மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, நேர்க்கோட்டுக் குறிகள் இட்டு நிகழ்வெண் அட்டவணை தயாரிக்கச் சொல்லலாம். பெரும்பாலான பள்ளிக் கேமராக்களில் இருப்பது 18-55 மி.மீ. லென்ஸ். எனவே 18, 19-34, 35-54, 55 என நான்கு பிரிவுகள் போதும்.

குறிகள் 18-இல் குவிந்திருந்தால், இன்னும் அகலமாக எடுக்க முடியாமல் தவித்திருக்கிறோம் என்று பொருள். 55-இல் குவிந்திருந்தால், இன்னும் நெருக்கமாகக் காட்ட முயன்றிருக்கிறோம். நடுப் பிரிவுகளிலேயே பெரும்பாலான படங்கள் அடங்கிவிட்டால், குவியத் தொலைவுக்காகப் புதிய லென்ஸ் வாங்கத் தேவையில்லை. கலங்கிய படங்களுக்குத் தனியே ஓர் அட்டவணை இட்டு, அவற்றின் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது பின்னர் உதவும்.

ஓரத்துப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

தொலைவில் உள்ள பொருளின் பிம்பம், லென்ஸிலிருந்து ஏறக்குறைய குவியத் தொலைவு தள்ளி விழுகிறது. ஆகவே லென்ஸுக்கு முன்னும் பின்னும் உருவாகும் இரு முக்கோணங்களும் வடிவொத்தவை. படத்தில் அடங்கும் அகலத்துக்கும் பொருளின் தொலைவுக்கும் உள்ள விகிதம், சென்சாரின் அகலத்துக்கும் குவியத் தொலைவுக்கும் உள்ள விகிதமே.

கேனானின் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சென்சார் அளவு ஏறக்குறைய 22.3 × 14.9 மி.மீ.; நிக்கானின் டி.எக்ஸ். வகையில் 23.5 × 15.6 மி.மீ. கேனானையே எடுத்துக்கொள்வோம். வகுப்பறையின் நீளமும் அகலமும் 6 மீட்டர் என்க. பின்வரிசையின் 6 மீட்டர் அகலமும் அடங்க வேண்டுமானால், 18 மி.மீ.-இல் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? 6 × 18 ÷ 22.3 = 4.84 மீட்டர். கரும்பலகைக்கு அருகில் நின்றாலே முடியும். அதே வேலையை 24 மி.மீ.-இல் செய்ய 6.46 மீட்டர் தேவை. அதற்குச் சுவர் இடம் கொடுக்காது.

இந்தக் கணக்கு ஒரு பாடம் சொல்கிறது. 24-70, 24-105 போன்ற லென்ஸ்கள் பெரிய சென்சார் கேமராக்களுக்கு அன்றாட லென்ஸ்களாக வடிவமைக்கப்பட்டவை. "உயர்தரம்" என்று சொல்லி யாராவது பரிந்துரைத்தாலும், சிறிய சென்சார் உள்ள நம் கேமராவில் அவை வகுப்பறையை அடக்கமாட்டா. நம் லென்ஸின் தொடக்க எண் 16, 17, 18 என்று இருக்க வேண்டும். கையில் 18-55 இருந்தும் ஓரத்துப் பிள்ளைகள் விடுபட்டிருந்தால், எடுத்த படத்தின் குவியத் தொலைவைப் பாருங்கள். ஜூம் வளையத்தை முழுவதும் திருப்பாமல் 24-இல் வைத்து எடுத்திருக்கலாம். அல்லது முன்வரிசைக்கு மிக அருகில் நின்றிருக்கலாம். வகுப்பறையின் மூலையில் நின்று எடுத்தால் செலவில்லாமல் தீரும் குறை அது.

ஓட்டப் பந்தயம்: எவ்வளவு நெருக்கம் வேண்டும்?

1.4 மீட்டர் உயரமுள்ள மாணவர் 30 மீட்டர் தொலைவில் ஓடுகிறார். 55 மி.மீ.-இல் அவருடைய பிம்பத்தின் உயரம் 1.4 × 55 ÷ 30 = 2.6 மி.மீ. சென்சாரின் உயரமோ 14.9 மி.மீ. அதாவது, படத்தின் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். 135 மி.மீ.-இல் 6.3 மி.மீ., ஐந்தில் இரு பங்கு. 250 மி.மீ.-இல் 11.7 மி.மீ., ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.

இங்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முடிவுக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தொலைவில், ஓடுபவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றால் 55 மி.மீ.-இலேயே பிம்பம் 7.7 மி.மீ. வரும், படத்தில் பாதி உயரம். விளையாட்டு விழா ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் இதுவே போதும். மண்டல, மாவட்டப் போட்டிகளுக்கு அடிக்கடி பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பள்ளிக்கு நீண்ட லென்ஸ் பயன்படும்.

கரகம் ஆடிய கைகள்

இந்தக் குறைக்குக் காரணம் வெளிச்சம். எஃப் எண் என்பது குவியத் தொலைவை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 மி.மீ.-இல் எஃப்/5.6 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 8.9 மி.மீ.; எஃப்/2.8 என்றால் 17.9 மி.மீ. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. உள்ளே வரும் ஒளியும் நான்கு மடங்கு. எஃப் எண் குறையக் குறைய ஒளி கூடுவது ஏன் என்ற மாணவர்களின் குழப்பம் இந்தக் கணக்கில் தெளியும்.

18-55 லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருப்பதன் பொருள், 18 மி.மீ.-இல் எஃப்/3.5 வரை திறக்கும் துளை, 55 மி.மீ.-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும் என்பதே. மாலை நேர மேடையில் ஜூம் செய்து எஃப்/5.6-இல் எடுக்கும்போது கேமரா 1/30 வினாடியைத் தேர்கிறது என்க. அந்த நேரத்துக்குள் ஆடுபவரின் கை நகர்ந்துவிடும். எஃப்/2.8 லென்ஸ் இருந்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைக்கும். கலக்கம் வெகுவாகக் குறையும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லென்ஸ்களில் ஐ.எஸ்., வி.ஆர்., ஓ.எஸ்., வி.சி. என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் எழுதப்பட்டிருக்கும் அதிர்வுத் தடுப்பு வசதி, நம் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். பிள்ளையின் அசைவை அது நிறுத்தாது. கட்டடம், கரும்பலகை, கண்காட்சிப் பொருள் ஆகியவற்றுக்கு அது பெரிதும் உதவும்; நடனத்துக்கு உதவாது.

இதற்கும் முதல் வழி செலவில்லாததே. ஐ.எஸ்.ஓ.-வை 800-இலிருந்து 3200-க்கு உயர்த்தினால் அதே 1/125 கிடைத்துவிடும். படத்தில் சற்றுப் புள்ளி தெரியும். ஆனால் கலங்கிய படத்தைவிடப் புள்ளியுள்ள படம் மேல். ஷட்டர் வேகத்தை நாமே முடிவு செய்யும் முறையில் கேமராவை வைத்து (கேனானில் 'டிவி', நிக்கானில் 'எஸ்') 1/125 என்று அமைக்கலாம். ஓட்டத்துக்கு 1/500. இவ்வளவு செய்த பிறகும் குறை நீங்கவில்லை என்றால்தான் லென்ஸ் பற்றிப் பேச வேண்டும்.

வாங்குவதென்றால்

அன்றாட ஜூம் லென்ஸ்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, 18-55. மலிவானது, எடை குறைவானது; கேனானின் 18-55 ஐ.எஸ். எஸ்.டி.எம். ஏறத்தாழ 205 கிராம்தான். 25 செ.மீ. வரை நெருங்கி எடுக்கலாம் என்பதால் இலை, பூச்சி, மாணவரின் குறிப்பேடு ஆகியவற்றுக்கும் ஏற்றது. கேமராவோடு வந்த இந்த லென்ஸ் பழுதானால், அதையே மீண்டும் வாங்குவது சிக்கனமானது.

இரண்டு, நீண்ட ஜூம். கேனான் 18-135, நிக்கான் 18-140 ஆகியவை இவ்வகை. வகுப்பறையிலிருந்து விளையாட்டுத் திடல் வரை ஒரே லென்ஸில் முடியும். எடை ஏறக்குறைய அரைக் கிலோ. ஒளித்துளை எஃப்/3.5-5.6 தான்; ஆகவே மேடை வெளிச்சச் சிக்கல் தீராது.

மூன்று, ஒளி மிகுந்த ஜூம். சிக்மா 17-50 எஃப்/2.8, டாம்ரான் 17-50 எஃப்/2.8 ஆகியவை. ஜூமின் எந்த இடத்திலும் எஃப்/2.8 வரை திறக்கும். தொலைவுக்கு உதவாது. இடைப்பட்டதாகச் சிக்மா 17-70 எஃப்/2.8-4 உண்டு.

நான்காவது வழியும் இருக்கிறது. 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு, ஜூம் இல்லாத ஒற்றைக் குவிய லென்ஸ் ஒன்றைச் சேர்ப்பது. கேனானில் 50 மி.மீ. எஃப்/1.8, நிக்கானில் 35 மி.மீ. எஃப்/1.8 ஆகியவை விலை குறைந்தவை. எஃப்/5.6-ஐவிட ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளி இவற்றில் கிடைக்கும். நம்முடைய குறை மேடை நிகழ்ச்சி மட்டுமே என்றால், பெரிய ஜூமைவிட இதுவே சிக்கனமான தீர்வு.

பொருந்துமா என்று பாருங்கள்

கேனானில் இ.எஃப்., இ.எஃப்-எஸ் என்ற இரு வகையும் நம் கேமராவில் பொருந்தும். புதிய மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்.எஃப். லென்ஸ் பொருந்தாது. நிக்கானில் 'இசட்' வகை பொருந்தாது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் குவிய மோட்டார் இல்லை. ஆகவே நிக்கான் லென்ஸில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். அவற்றிலும் டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் ஏ.எஃப்-பி லென்ஸ் தானாகக் குவியாது. கடைக்குக் கேமராவையே எடுத்துச் சென்று மாட்டிப் பார்ப்பது நல்லது.

பலரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவருவதால் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வாங்குமுன் இவற்றைச் சோதியுங்கள்.

• லென்ஸின் ஒரு பக்கம் கைப்பேசி விளக்கைப் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, வேண்டாம்.
• ஜூம் வளையம் தடையின்றிச் சுழல வேண்டும். மணல் உரசும் ஓசை கூடாது.
• தானியங்கிக் குவியம் அருகிலும் தொலைவிலும் வேலை செய்ய வேண்டும்.
• அச்சிட்ட செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே லென்ஸ் விலகியிருக்கலாம்.

வாங்கிய பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். பூட்டிய பீரோவில் பையோடு மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை எளிதில் வளரும்.

செய்து பார்ப்போம்

1. பள்ளியின் நூறு படங்களுக்குக் குவியத் தொலைவு நிகழ்வெண் அட்டவணையும் பட்டை வரைபடமும் தயாரித்தல்.
2. வகுப்பறையை அளந்து, 18, 24, 35 மி.மீ. ஆகியவற்றில் அடங்கும் அகலத்தைக் கணக்கிட்டு, பிறகு படம் எடுத்துச் சரிபார்த்தல்.
3. ஒரு மாணவர் கையசைக்க, 1/15, 1/30, 1/60, 1/125 ஆகிய வேகங்களில் எடுத்து ஒப்பிடுதல்.
4. மூன்று முடிவுகளையும் வைத்து "நம் பள்ளிக்குப் புதிய லென்ஸ் தேவையா?" என்று ஒரு பக்க அறிக்கை எழுதுதல்.

அந்த அறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களையே படிக்கச் சொல்லலாம். "தேவையில்லை" என்பதும் நல்ல முடிவே. "தேவை" என்று வந்தால், எது, ஏன் என்பதைக் கணக்கோடு சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டு விழாவில் கரகம் ஆடும் பிள்ளையின் கைகளும் படத்தில் தெளிவாக விழும்.