தூதுவளை: முள்ளை எடுத்தால் விருந்து

மழைக்காலம் வந்தால் கீரைக்காரம்மாவின் கூடையில் தூதுவளைக் கட்டும் இருக்கும். அதன் முள்ளைப் பார்த்ததும் முருங்கைக்கீரைக்குக் கை நீட்டுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. தூதுவளை, கத்தரிக் குடும்பத்துக் கொடி. இலை கரும்பச்சை, பூ ஊதா, பழுத்தால் காய் சிவப்பு. வேலியோரத்தில் பறிப்பதானால் செடி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். கண்டங்கத்திரியும் ஊதாவாகத்தான் பூக்கும். ஆனால் அது தரையோடு படரும், பழம் மஞ்சள்.

2. முள் எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். இலையைக் குப்புறப் புரட்டினால் நடுநரம்பில் வளைந்த முள் வரிசையாகத் தெரியும். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, முள்ளைச் சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குங்கள். முதலில் முள் எடுத்து, பிறகு அலசினால் விரல் பிழைக்கும். கொழுந்து இலை என்றால் இந்தப் பாடு இல்லை. முள் பூப்போல இருக்கும், நெய்யில் வதக்கி அரைத்தால் போதும். முற்றிய இலையை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். மிக்ஸியில் அரைபட்டுவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், தொண்டையில் தைக்கும்.

3. முதன்முறை சமைக்கிறவர்கள் துவையலில் தொடங்கலாம். இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு மிளகாய் வற்றலை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் இரண்டு கைப்பிடி இலையைப் போடுங்கள். இலை சுருண்டு, பச்சை வாடை போய், நிறம் கறுக்கும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் காறல் அடிக்கும். கொஞ்சம் புளி, உப்பு, இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி தேங்காய்த் துருவல் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். சூடான சோறும் நெய்யும் இருந்தால் வேறு குழம்பு வேண்டாம்.

4. ரசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இலை போதும். மிளகு, சீரகம், பூண்டோடு தட்டி, நெய்யில் வதக்கி, புளிக்கரைசலும் பருப்புத் தண்ணீரும் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

5. கீரை என்றாலே ஓடும் பிள்ளைகளுக்கு தோசை. வதக்கிய இலையைச் சீரகத்தோடு விழுதாக்கி, ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு கரண்டி கலந்து ஊற்றுங்கள். புளித்த மாவில் கசப்பு தெரியாது.

6. பூ கிடைத்தால் பாலில் போட்டுக் காய்ச்சி, பனங்கற்கண்டு சேர்த்துக் குடிக்கலாம். காயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் வற்றல். சுண்டைக்காய் வற்றல் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

7. பொடி வேண்டுமானால் இலையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் அரைத்து, சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் வையுங்கள். வள்ளலாரின் ‘நித்திய கரும விதி’யில் கரிசலாங்கண்ணி, முசுமுசுக்கையோடு தூதுவளையும் இடம்பெறுகிறது. பச்சை இலை கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் கடைப் பொடிக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

8. வளர்ப்பது சுலபம். முற்றிய தண்டில் ஒரு சாண் வெட்டி, தொட்டியில் ஊன்றி, துளிர்க்கும்வரை நிழலில் வைத்தால் போதும். பிறகு வெயிலுக்கு நகர்த்தி, படர ஒரு குச்சி கட்டுங்கள். அடிக்கடி நுனி கிள்ளினால்தான் கொழுந்து வரும். இலையின் அடியில் மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பிள்ளைகள் ஓடியாடும் வழியில் மட்டும் தொட்டியை வைக்க வேண்டாம்.

9. சித்த மருத்துவத்தில் இது சளி, இருமலுக்கு உரிய மூலிகை. வீட்டில் உணவாகச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பொடியாக எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். வீசிங் உள்ளவர்கள் இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரசம் வைத்துக்கொண்டிருக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே சளிப் பரிசோதனை இலவசம்.