கிணற்று நீர்ப் பரிசோதனை அட்டை பயிருக்கு மட்டுமா?

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சுற்றுவட்டாரத்தில் பண்ணையம் செய்பவர்கள் தண்ணீரை இருவகையாகப் பிரித்தே பேசுவது வழக்கம். ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் வருகிறது. உப்புத் தண்ணீர் தென்னைக்கும் மாட்டுக்கும் சோளத்தட்டுக்கும் போகிறது. வீட்டைப் பொறுத்தவரை இந்தப் பாகுபாடு சரியே. ஆனால் சித்திரை வெயிலில் தோட்டத்தில் களை எடுக்கும் பெண்கள் தாகத்துக்கு எதைக் குடிக்கிறார்கள்? மோட்டார் ஓடும்போது குழாய் வாயில் கையை ஏந்துகிறார்கள். அது போர் தண்ணீர். தோட்டத்து ஓரத்தில் லைன் வீடு கட்டி, பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வரும் வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் இடங்களிலும் பல வேளைகளில் அதே தண்ணீர்தான் தொட்டியில் ஏறுகிறது.

இந்த வட்டாரத்து நீரில் உப்பு சேர்ந்த கதை பலரும் அறிந்ததே. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகச் சாதாரண உப்போ, சோடியம் சல்பேட் எனப்படும் கிளாபர் உப்போ சேர்க்கப்படுகிறது. துணி அந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. அது கழிவு நீரோடு வெளியேறி விடும். பல ஆண்டுகள் இவ்வாறு நொய்யலில் கலந்த நீர், பாசனத்துக்கென 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அணையையே பயனற்றதாக்கியது. உழவர்கள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடாமல், நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை கட்டாயமாயிற்று. எனினும் பாறை இடுக்குகளில் முன்பே இறங்கிவிட்ட உப்பு நல்ல மழை பெய்து கரைந்தால்தான் மெல்லக் குறையும். இதற்கிடையே, மாநகராட்சிக் குப்பையை முதலிபாளையம் பாறைக்குழியில் கொட்டுவதை எதிர்த்து 2025இல் ஊர் மக்கள் போராட வேண்டி வந்தது. அவர்களின் கவலையும் நிலத்தடி நீர்தான்.

எந்த உப்பு?

உப்பு நீர் உடலை என்ன செய்கிறது என்பது பற்றி வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள் இங்கும் பயன்படும். குல்னா மாவட்டத்தில் தாகோப் பகுதி மக்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. கோடையில் அவர்கள் குடிநீர் மூலம் மட்டும் நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம் உட்கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. மழைக்காலத்தில் இது 0.6 முதல் 1.2 கிராம்தான். கர்ப்பிணிகளிடையே இரத்த அழுத்தமும் கோடையில் கூடுதலாகக் காணப்பட்டது. கர்ப்பிணிக்கு அழுத்தம் ஏறினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கடலோரத்தில் 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சற்றே உப்பான நீரைக் குடித்தவர்களிடம் அழுத்தம் கூடவில்லை. ஓரளவு குறைவாகவே இருந்தது. காரணம், அந்த நீரில் சோடியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சேர்ந்திருந்ததே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதைக் கேட்டு உப்புத் தண்ணீர் நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நீரில் எவ்வளவு உப்பு என்பதுடன் எந்த உப்பு என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். மண்ணின் விஷயத்தில் இது விவசாயிகளுக்குப் பழகிய பாடம்தான். சோடியம் மிகுந்த நீர் மண்ணை இறுக்குகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் இட்டால் மண் பொலபொலப்பாகிறது. (ஜிப்சம் நிலத்துக்குத்தான், குடிநீர்த் தொட்டியில் போடுவதற்கல்ல!)

கடைகளில் விற்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அது 1,200 என்று காட்டினால், அதில் சோடியம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்பது தெரியாது.

அட்டையைப் படிக்கும் முறை

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீருக்குத் தரும் அட்டையில் இந்த விவரம் இருக்கிறது. பெரும்பாலோர் மின் கடத்தும் திறனை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைப் பரணில் செருகி விடுகிறார்கள். அது 0.75 டெசி சீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை, 2.25க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் பயிர்களுக்கே ஆகும், சின்ன வெங்காயத்துக்கும் அவரைக்கும் ஆகாது. (பழைய அட்டைகளில் மில்லிமோ என்றிருக்கும், இரண்டும் ஒன்றே.)

அதற்குக் கீழே சோடியம் என்ற வரியைப் பார்க்க வேண்டும். அது மில்லி ஈக்விவலண்ட் கணக்கில் இருந்தால் 23ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லி கிராம் என்பது கிடைக்கும். உதாரணமாக 20 என்றிருந்தால் 460 மில்லி கிராம். வெயிலில் வேலை செய்பவர் 4 லிட்டர் குடித்தால் 1,840 மில்லி கிராம் சோடியம் உள்ளே போகிறது. இது ஏறக்குறைய 4½ கிராம் சமையல் உப்புக்குச் சமம். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உணவிலும் நீரிலுமாக 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு பழைய சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் இடமேது? லிட்டருக்கு 200 மில்லி கிராம் சோடியத்தைத் தாண்டும்போது நீர் கரிக்கத் தொடங்குகிறது. ஆனால் பழகிய நாக்கு அதைக் கவனிப்பதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் இந்த அட்டையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய யூரியா, கழிவறைத் தொட்டி, குப்பைக் குழி ஆகியவற்றிலிருந்து இது கிணற்றில் இறங்குகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லி கிராமே உச்ச வரம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதிக நைட்ரேட் உள்ள நீரில் பால் கலந்து கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; நைட்ரேட்டும் உப்பும் போகாது. நீர் சுண்டுவதால் சற்றுக் கூடவே செய்யும்.

மாதிரி எடுத்தல்

மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். ஊர், சர்வே எண், ஆழம், தேதி எழுதி அன்றே அல்லது மறுநாள் சேர்ப்பிக்கலாம். நைட்ரேட், புளோரைடு, கிருமி ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுக வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் புட்டியில்தான் பிடிக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை எடுத்தால் வித்தியாசம் விளங்கும்.

நீர் தேறவில்லை என்றால் தோட்டத்துக்குப் போகும்போதே குழாய்த் தண்ணீரைக் குடத்தில் எடுத்துச் செல்வதுதான் மலிவான வழி. ஆர்.ஓ. இயந்திரம் வைப்பவர்கள் அது ஒதுக்கும் நீரை முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் விடக் கூடாது; உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. லைன் வீடு விட்டிருப்பவர்கள் குழாய்த் தண்ணீருக்கெனத் தனித் தொட்டி ஒன்று வைத்து, போர் தண்ணீர்க் குழாயின் மேல் 'குடிப்பதற்கல்ல' என்று இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்கலாம். அங்குள்ள கைக்குழந்தைகளின் தாய்மாரிடம் நேரில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.